சபை, சங்கம், தண்டல்

கி.பி. 949-இல் தக்கோலத்துப் போர்க்களத்தில் சோழ இளவரசன் ராஜாதித்தன் யானை மீதிருந்தபடியே மாண்டபோது, அவனுடைய படைத்தலைவனும் நண்பனுமான வல்லபன் பக்கத்தில் இல்லை. வல்லபன் கேரளத்துக்காரன். இளவரசனோடு சாகக் கொடுத்து வைக்கவில்லையே என்ற வெட்கம் அவனைக் கங்கைக் கரை வரை விரட்டியது. திரும்பி வந்தவன் திருவொற்றியூரில் துறவு பூண்டான். சதுரானன பண்டிதர் என்ற பெயரில் அங்கிருந்த மடத்துக்குத் தலைவரும் ஆனார்.

இந்தக் கதையைச் சொல்வது திருவொற்றியூர்க் கோயிலில் உள்ள கல்வெட்டு. ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் 20-ஆம் ஆட்சியாண்டில் பொறிக்கப்பட்டது. ஆனால் கல்லில் வெட்டச் சொன்னவருக்குத் தம் கதை முக்கியமல்ல, கணக்குதான் முக்கியம். 100 நிஷ்கம் பொன்னை நரசிங்கமங்கலத்துச் சபையாரிடம் கொடுத்திருக்கிறார். அதன் வட்டியிலிருந்து, தம் நட்சத்திரமான அவிட்டத்தன்று சுவாமிக்குச் சிறப்பு வழிபாடு நடக்க வேண்டும். இன்றைய மொழியில் சொன்னால், அது ஒரு நிரந்தர வைப்பு நிதி. வைத்தவர் ஒரு துறவி. வாங்கிக்கொண்டது ஊர்ச் சபை. ரசீது கோயில் சுவர்.

வட சென்னையின் வங்கி வரலாற்றை எழுதுகிறவர்கள் வழக்கமாகப் பாரிமுனையில் தொடங்குவார்கள். அதற்கு ஆயிரம் ஆண்டு முன்பே, பாரிமுனைக்கு வடக்கே சில கிலோமீட்டரில் இந்தத் தொழில் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. திருவொற்றியூரின் பல்லவர் காலச் சாசனங்களில் கழஞ்சுக் கணக்கில் பொன் சுற்றுவட்டார ஊர்ச் சபைகளிடம் போகிறது. வட்டிக்குப் 'பொலிசை' என்று பெயர். கழஞ்சுக்கு ஆண்டுக்கு மூன்று மஞ்சாடி. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு என்பதால் 15 சதவீதம். பொன் இல்லாதவர் ஆடு கொடுக்கலாம். ஒரு நந்தா விளக்குக்கு 90 ஆடு என்பது பரவலான கணக்கு. மந்தையை வாங்கிக்கொண்ட இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு செத்தாலும் கிழடு தட்டினாலும் முதல் குறையக்கூடாது. அதனால் அவற்றுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். அசலைக் காப்பாற்றுவதற்கு இதைவிட அழகான பெயர் எந்த வங்கியாளருக்கும் தோன்றவில்லை.

அந்தக் காலச் சாசனங்கள் சிலவற்றில் இன்னொரு நிபந்தனையும் வரும். வட்டி 'தண்ட' வருகிறவருக்கு, அதாவது வசூலிக்க வருகிறவருக்கு, சபையார் இருவேளைச் சோறு போட வேண்டும். தண்டுதல் என்ற வினை அன்றைக்கு வசூலைக் குறித்தது. அதன் பிள்ளையான 'தண்டல்', அதாவது நாள்தோறும் வசூலிக்கும் கடன், இன்றும் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் உயிரோடு இருக்கிறது. சோறு போடுவதுதான் நின்றுவிட்டது.

 

கும்பினி வந்த பிறகு பணம் தெற்கே நகர்ந்தது. 1843-இல் தொடங்கிய பாங்க் ஆஃப் மெட்ராஸ், அர்பத்நாட், பின்னி, பாரி வணிக நிறுவனங்கள் என்று எல்லாக் கதவுகளும் கோட்டையையும் கடற்கரைச் சாலையையும் பார்த்தே திறந்தன. 1856 ஜூலை 1-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு முதல் ரயில் ஓடியது. தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையம் ராயபுரம். சரக்கு மூட்டைகள் அதன் வழியாகவே போயின, வந்தன. மூட்டை தூக்கியவருக்கு மேற்படி வங்கிகளில் வேலை எதுவும் இல்லை. அவருக்குத் தெரிந்தது அடகுக்கடை. 1882-இல் அஞ்சல் அலுவலகச் சேமிப்பு வங்கி வந்தது. அது பணத்தை வாங்கி வைக்கும், கடன் தராது.

நடுத்தர வர்க்கம் மட்டும் தனக்கென ஒரு வழி கண்டுபிடித்தது. அதுதான் 'நிதி', பேச்சில் 'ஃபண்டு ஆபீஸ்'. உறுப்பினர்கள் மாதாமாதம் சிறு தொகை கட்டுவார்கள். உறுப்பினர்களுக்கு மட்டும் நகையின் பேரிலோ வீட்டின் பேரிலோ கடன். 1872-இல் தொடங்கிய மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்டு இன்றும் நடக்கிறது. வக்கீல் குமாஸ்தாவுக்கும் பள்ளி ஆசிரியருக்கும் அது வசதி. வலை இழுப்பவருக்கு மாதத் தவணை என்பதே புரியாத கணக்கு. கடலில் மாதச் சம்பளம் கிடையாது.

1906 அக்டோபர் 22 அன்று அர்பத்நாட் கம்பெனி திவாலானது. பட்டணத்தின் மிகப் பெரிய வெள்ளைக்காரப் பெயர்களில் ஒன்று அது. ஓய்வூதியக்காரர்களும் விதவைகளும் கோயில் தர்மகர்த்தாக்களும் நம்பிக் கொண்டுபோய்க் கொடுத்த பணம் லண்டன் கூட்டாளியின் சூதாட்டத்தில் கரைந்திருந்தது. சர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறைக்குப் போனார். வழக்கில் முன்னின்ற வக்கீல் வி. கிருஷ்ணசுவாமி ஐயர், நம்மவர்க்கு நம் வங்கி வேண்டும் என்று ஆள் சேர்த்தார். 1907 ஆகஸ்ட் 15-இல் இந்தியன் வங்கி கதவைத் திறந்தது. பிற்காலத்தில் அந்த வங்கியின் தலைமைக் கட்டடம் எழுந்தது அர்பத்நாட் நின்ற மனையில், துறைமுகத்துக்கு எதிரே.

இந்தப் பரபரப்புக்கு இரண்டு ஆண்டு முன்பே, சத்தமில்லாமல், வேறொன்று தொடங்கியிருந்தது. ஏழை எளியவருக்கு அதுவே பெரிய செய்தி.

சென்னை மாகாண அரசு ஃபிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை ஐரோப்பிய விவசாய வங்கிகளை ஆராய அனுப்பியிருந்தது. 1895-லும் 1897-லும் இரண்டு கனத்த தொகுதிகளாக அவருடைய அறிக்கை வந்தது. அதன் சாரம் இரண்டே சொல்லில் அடங்கும் என்பார்கள்: 'ரைஃபைசனைத் தேடுங்கள்.' ரைஃபைசன் என்பவர் ஜெர்மனியில் கிராமம் கிராமமாகக் கடன் சங்கம் கண்டவர். ஒருவரை ஒருவர் அறிந்த ஊர்க்காரர்கள், ஒருவர் கடனுக்கு எல்லோரும் பொறுப்பு. திருவொற்றியூர் வட்டாரச் சபைகளுக்கு இதைச் சொல்லித் தந்திருக்க வேண்டியதில்லை.

1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அந்த ஆகஸ்ட் 30 அன்று திருவள்ளூருக்கு அருகே திரூர் கிராமத்தில் ஆதிநாராயண ஐயா என்பவர் முன்னின்று பதிவு செய்த சங்கம் இந்தியாவிலேயே முதலாவது. பதிவு எண் 1. அக்டோபரில் காஞ்சிபுரத்தில் நாட்டின் முதல் நகரக் கூட்டுறவு வங்கி. அதே ஆண்டு திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கமான டி.யூ.சி.எஸ். திரூர், காஞ்சிபுரம், திருவொற்றியூர், எண்ணூர் எல்லாமே அன்றைக்கு ஒரே செங்கல்பட்டு ஜில்லா. மறு ஆண்டே இந்தச் சங்கங்களுக்கெல்லாம் பணம் புரட்டித் தர மத்திய நகர வங்கி ஒன்று உருவானது. அதுதான் இன்று என்.எஸ்.சி. போஸ் சாலையில் நிற்கும் தமிழ்நாடு மாநிலத் தலைமைக் கூட்டுறவு வங்கி. ராயபுரத்திலிருந்து நடந்தே போய்விடலாம்.

தமிழில் இதற்கு என்ன பெயர் வைப்பது என்று அன்றைக்கு யோசித்தவர்கள் 'ஐக்கிய நாணய சங்கம்' என்று வைத்தார்கள். 'கூட்டுறவு' பின்னால் வந்த சொல். நாணயம் என்பது காசு. நாணயம் என்பது சொன்ன சொல் தவறாமை. கடனுக்கு இந்த இரண்டும் வேண்டும் என்று அந்த மொழிபெயர்ப்பாளருக்குத் தெரிந்திருந்தது. மாகாணத்துச் சங்கங்கள் பலவற்றில் வட்டி ரூபாய்க்கு மாதம் ஒன்றரைப் பை. 192 பை ஒரு ரூபாய் என்ற கணக்கில் ஆண்டுக்கு ஒன்பதே கால் சதவீதத்துக்குச் சற்று மேல். பல்லவர் காலத்து 15 சதவீதத்தைவிடக் குறைவு.

நிக்கல்சனுக்கு இந்தக் கடற்கரையோடு இன்னொரு தொடர்பும் உண்டு. 1905-இல் மாகாணத்தின் மீன்வளத்தை ஆராயும் பொறுப்பு அவரிடம் வந்தது. மீன் பதப்படுத்தும் சோதனைகளை அவர் முதலில் நடத்திப் பார்த்த இடங்களில் எண்ணூரும் ஒன்று. கூட்டுறவுக்கும் மீன்வளத் துறைக்கும் தந்தை ஒருவரே. ஆனாலும் இரண்டு பிள்ளைகளும் சரியாகச் சேரவில்லை. மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன. வலைக்கும் படகுக்கும் அரசு உதவி அவற்றின் வழியாக வந்தது. அன்றாடக் கைமாற்றுக்கு அவர்கள் வேறு கதவைத்தான் தட்ட வேண்டியிருந்தது.

1938-இல் இன்னொரு வங்கி விழுந்தது. அதன் கதை திருவொற்றியூரில் வந்து முடியும் விதம் வேடிக்கையானது. திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கி அந்தக் காலத்துப் பெரிய தனியார் வங்கிகளில் ஒன்று. அதை நடத்திய கே.சி. மாம்மன் மாப்பிள்ளைக்கும் திருவிதாங்கூர் திவான் சர் சி.பி. ராமசுவாமி ஐயருக்கும் பகை. வங்கி மூடியது, மாம்மன் மாப்பிள்ளை சிறைக்குப் போனார், குடும்பச் சொத்து போனது. அப்போது சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மகன் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை 1946-இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகை போட்டு பொம்மை பலூன் செய்து விற்கத் தொடங்கினார். அந்தக் கொட்டகைதான் எம்.ஆர்.எஃப். ஒரு வங்கியின் சாம்பலிலிருந்து முளைத்த ஆலை, பிறகு ஆயிரக்கணக்கான தொழிலாளருக்கு மாதச் சம்பளம் போட்டது.

மாதச் சம்பளம் என்பதுதான் இங்கே திருப்பம். திருவொற்றியூரில் விம்கோ தீப்பெட்டி ஆலை ஏற்கெனவே இருந்தது. 1948-இல் அசோக் மோட்டார்ஸ், 1955-இல் என்ஃபீல்டு, 1960-களின் இறுதியில் மணலி சுத்திகரிப்பு ஆலை, அடுத்து எண்ணூர் அனல்மின் நிலையம் என்று வரிசையாக வந்தன. முப்பது ஆண்டுகளுக்குள் கடற்கரையோரம் ஷிஃப்டு சங்கு ஊதும் ஊர்களாயின. சம்பளம் வந்த இடத்தில் 'சொசைட்டி' வந்தது.

முழுப்பெயர் பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம். யாரும் அப்படிச் சொல்வதில்லை. 'சொசைட்டியில லோன் போட்டிருக்கேன்' என்றால் போதும். ஆலை வாசலுக்கு உள்ளேயோ அடுத்த தெருவிலோ ஓர் அறை, இரண்டு மேசை, ஒரு இரும்பு அலமாரி, கட்டுக் கட்டாகப் பேரேடு. உறுப்பினர் பங்குத்தொகை கட்டுவார். மாதாமாதம் சிக்கனச் சேமிப்புக்கு ஒரு பிடித்தம். கடன் கேட்டால் விண்ணப்பத்தில் இரண்டு ஜாமீன்தாரர் கையெழுத்து. பத்திரமும் இல்லை, நகையும் இல்லை. தவணை சம்பளத்திலிருந்தே போய்விடும். வாங்கியவர் கைவிரித்தால் ஜாமீன் போட்டவர் சம்பளத்தில் பிடிப்பார்கள்.

இந்த இரண்டாவது கையெழுத்தில்தான் முழுச் சூட்சுமமும் இருக்கிறது. ஒருவர் நம்பகமானவரா என்பதை அறிய வங்கிக்கு இன்றைக்குக் கணினி மதிப்பெண் தேவை. சொசைட்டியில் அந்த மதிப்பெண்ணைப் போடுகிறவர் பக்கத்து லேத்தில் நிற்கும் ஆள். அவருக்கு இவர் குடிப்பாரா, சீட்டாடுவாரா, பெண்ணுக்கு நிச்சயம் ஆனது உண்மையா என்பதெல்லாம் தெரியும். ஜாமீன் கேட்டுக் கேன்டீனில் டீ வாங்கிக் கொடுக்கும் காட்சி எந்த ஆலைக்கும் பொது. மறுத்தால் மனஸ்தாபம், கொடுத்தால் கலக்கம். வடசென்னைக் கல்யாணங்களில், பள்ளிக் கட்டணங்களில், மழைக்கு ஒழுகாத கூரைகளில் எத்தனை இந்தக் கையெழுத்தின் மேல் நிற்கின்றன என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

வாடிக்கையாளர் சேவை என்ற சொல் சொசைட்டியில் கிடையாது. அங்கே வாடிக்கையாளரே கிடையாது, உறுப்பினர்தான். இயக்குநர் குழுவுக்குத் தேர்தல் நடக்கும். தொழிற்சங்கங்கள் கொடி பிடித்து மோதும். கடன் தாமதமானால் பொதுப் பேரவையில் எழுந்து கேட்கலாம். ஆண்டு முடிவில் லாபப் பங்கு. பல சங்கங்களில் அதோடு ஒரு எவர்சில்வர் பாத்திரமும். டிவிடெண்டு எவ்வளவு என்று மறந்துபோன வீடுகளிலும் சங்கத்தின் பெயர் பொறித்த தூக்குவாளி இன்னும் இருக்கும்.

ஆனால் இந்த அமைப்பின் பலமே அதன் எல்லை. ஆலை இருக்கும் வரைதான் பிடித்தம். 2017-இல் எண்ணூர் அனல்மின் நிலையம் மூடியது. ஒப்பந்தத் தொழிலாளருக்கு உறுப்பினர் உரிமை இல்லை. நிரந்தரப் பணியாளர் எண்ணிக்கை ஒவ்வொரு கேட்டிலும் சுருங்கிக்கொண்டே போகிறது.

ஆலைக்கு வெளியே இருந்தவர்களின் கதை வேறு. 1969 ஜூலை 19-இல் 14 வங்கிகள் அரசுடைமை ஆனபோது இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் அவற்றில் அடங்கின. 1972-இல் ஏழைகளுக்கு 4 சதவீத வட்டியில் கடன் என்ற திட்டம் வந்தது. நல்ல திட்டம். வாங்கப் போனவர்கள்தான் திண்டாடினார்கள். கூடை சுமந்து மீனும் காய்கறியும் விற்கும் பெண்களுக்குப் படிவம் ஒரு மலை, கவுன்டர் அடுத்த மலை. 1978-இல் காங்கிரஸ் அரசியலை விட்டு வந்த ஜெயா அருணாச்சலம், சென்னைக் குடிசைப் பகுதிப் பெண்களைக் கொண்டு உழைக்கும் பெண்கள் சங்கத்தைத் தொடங்கினார். முதலில் அரசு வங்கிகளிடமே குழுவாகப் போய்க் கடன் வாங்கிக் கொடுத்தார். கடன் கிடைத்தது, நேரம் போனது, கூலி போனது. 1981-இல் அந்தப் பெண்கள் தங்களுக்கென்றே ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தைப் பதிவு செய்துகொண்டார்கள். பக்கத்துப் பக்கத்து வீட்டுப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் பொறுப்பேற்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் உறுப்பினர். கடன் தவறாமல் திரும்பி வந்தது. வங்கதேசத்துக் கிராமீன் வங்கி முழு வங்கியானது 1983-இல். சென்னைப் பெண்கள் இரண்டு ஆண்டு முந்திக்கொண்டார்கள் என்பது நம்மூர்ப் பாடப்புத்தகத்திலும் வராத செய்தி.

இவ்வளவு இருந்தும் தண்டல் போகவில்லை.

தண்டலின் கணக்கு எளிது. 10,000 ரூபாய் என்று பேச்சு. கையில் வருவது 8,500. நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் நூறு நாள். சிறு நோட்டில் தேதிக்கு நேரே ஒரு கிறுக்கல், அவ்வளவுதான் ரசீது. முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருவதால், ஆண்டு வட்டியாகக் கணக்குப் போட்டால் 100 சதவீதத்தைத் தாராளமாகத் தாண்டும். 2003-இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த அதீத வட்டித் தடைச் சட்டம் நாள் வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி என்று பட்டியல் போட்டபோது தண்டலையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. ஒரு சட்டத்தில் இடம்பிடிக்கும் அளவுக்கு அந்தச் சொல்லுக்கு வாழ்வு.

ஏன் போகவில்லை என்று கேட்டால் பேராசையையும் அறியாமையையும் காரணம் சொல்வது வழக்கம். காசிமேட்டில் ஒரு விடிகாலை நின்று பார்த்தால் வேறு விடை கிடைக்கும். விசைப்படகுகள் இருட்டிலேயே கரை சேர்கின்றன. ஏலம் விடிவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. கூடைக்கு இவ்வளவு என்று விலை முடிந்த நொடியில் கையில் பணம் வேண்டும். இல்லையென்றால் கூடை அடுத்த ஆளுக்கு. எட்டு மணிக்கு அந்தப் பெண் தண்டையார்பேட்டையிலோ பழைய வண்ணாரப்பேட்டையிலோ தெருவோரம் உட்கார்ந்து மீன் அறுத்துக்கொண்டிருப்பார். வங்கி திறப்பது பத்து மணிக்கு. அப்போது அவருக்குக் கவுன்டரில் நிற்க நேரமில்லை. நேரம் இருந்தாலும் அன்றைய கொள்முதல் முடிந்துபோன விஷயம். தண்டல்காரர் மட்டும் இரண்டு இடத்துக்கும் வருவார், காலையில் கொடுக்கவும் மாலையில் வாங்கவும். படிவம் கேட்க மாட்டார். மழையென்றாலும் வருவார். வாடிக்கையாளரைத் தேடிப் போவதுதான் சேவை என்றால், இந்தக் கடற்கரையில் அதைத் தவறாமல் செய்துகொண்டிருக்கும் ஒரே ஆள் அவர்தான். அதற்குத்தான் அந்தக் கொள்ளை விலை.

இப்போது மீன் பலகையின் ஓரத்தில் க்யூஆர் அட்டை சாய்த்து வைத்திருக்கிறார்கள். வாங்க வருகிறவர் செல்போனைக் காட்டிப் பணம் அனுப்புகிறார். அது வங்கிக் கணக்கில் போய் விழுகிறது. அதாவது, ஒரு மீன்காரப் பெண் நாளொன்றுக்கு எவ்வளவு விற்கிறார், எந்த மாதம் மீன்பிடித் தடைக்காலத்தில் வருமானம் படுக்கிறது, எப்போது நிமிர்கிறது என்ற முழுக் கணக்கும் முதல்முறையாக வங்கியின் கையில் இருக்கிறது. பக்கத்து லேத்துக்காரர் போட்ட ஜாமீனுக்குச் சமமான தகவல் அது. அதை வைத்துக் கடன் கொடுப்பதற்குச் சட்டம் எதுவும் குறுக்கே நிற்கவில்லை.

பணம் போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2020 பிப்ரவரி முதல் வங்கி டெபாசிட்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. நகரக் கூட்டுறவு வங்கிகளும் அதில் அடக்கம். பணியாளர் சொசைட்டிக்கும் நிதிக்கும் சீட்டுக்கும் அந்தக் காப்பீடு கிடையாது. 1990-களின் இறுதியில் சென்னையில் நிதிகள் சிலவற்றின் வாசலில் வரிசையில் நின்றவர்கள் இதைத் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டார்கள். கவுன்டரில் கேட்பதில் தப்பில்லை, கேளுங்கள்.

வங்கிகளிடம் கேட்க வேண்டியது அதைவிடச் சிறியது. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குள், விடிகாலை மூன்று மணிக்குத் திறந்து எட்டு மணிக்கு மூடும் ஒரு கவுன்டர். காலையில் ஐயாயிரம் கொடுத்து மாலையில் திருப்பி வாங்கிக்கொள்ளும் அளவுக்கு ஒரு கடன் கணக்கு. ஒரு மேசை, இரண்டு ஊழியர், ஒரு மின்விளக்கு போதும்.